மாண்டவர் எழுந்து மறுபடி மாயும் கதை

முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது அவிநாசித் தலத்தின் பெரும் கதை. அங்கே மாண்ட பிள்ளை மீண்டு பெற்றோரிடம் சேர்கிறான். அதே கொங்கு மண்ணில் உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையிலும் மாண்டவர் எழுகிறார்கள். பொன்னரும் சங்கரும் களத்தில் கிடக்க, தங்கை தங்காள் காடெல்லாம் தேடி வந்து எழுப்புகிறாள். சற்றுநேரம் பேசியிருந்துவிட்டு இருவரும் மறுபடி மாய்கிறார்கள். பக்திக் கதை ஆறுதல் தருகிறது, இதுவோ தருவதில்லை. அண்ணனின் உடலுக்காக அரசாணையை மீறிய பெண்ணைச் சோபோக்ளிஸ் ‘அந்திகொனி’யில் படைத்தார். தங்காளை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். கிரேக்கர் துன்பியல் என்று கண்டது கொங்கிலும் தானாகவே விளைந்திருக்கிறது என்பதுதான் என் வாதம்.

ஒருவர் பாட, இன்னொருவர் பின்பாட்டுப் பாடுவது நாடகமாகுமா என்று கேட்கலாம். கிரேக்க நாடகமும் அங்கிருந்துதான் கிளம்பியது. கி.மு. 534 வாக்கில் தெஸ்பிஸ் என்பவர் பாடற்குழுவிலிருந்து தனித்து நின்று பேசினார் என்பது மரபு. இரண்டாம் நடிகரை ஈஸ்கிலஸும் மூன்றாமவரைச் சோபோக்ளிஸும் சேர்த்ததாக அரிஸ்டாட்டில் சொல்கிறார். உடுக்கைப் பாடகரோ ஒரே குரலில் அண்ணனாகவும் தங்கையாகவும் மாறிக்கொள்கிறார். பார்ப்பவர் பங்கிலோ கொங்கு மரபு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஏதென்ஸில் தியோனிசஸ் விழாவுக்கு வந்தவர்கள் இருக்கையில் அமர்ந்து பார்த்தார்கள். இந்தக் கதையை நிகழ்த்தும் வீரப்பூர் படுகளத்திலோ வந்தவர்களே மாண்டவர்போல் விழுந்து, பிறகு எழுப்பப்படுகிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்’ நாடகத்தில், ஏதென்ஸ் வென்ற பகைவரின் துயரத்தையே அந்நகர மக்கள் முன் வைத்தார். நம் பாட்டில் வேட்டுவர் பெரும்பாலும் பகைவராகவே வருகிறார்கள். கதை அண்ணன்மாரைப் போன்ற நிலமுடையவர் பக்கம் நின்றே பேசுகிறது. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. வேட்டுவர் தரப்பில் சொல்லப்படுவதையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்தக் கதை முழுமை பெறும்.

கிரேக்க அரங்கைக் காட்டும் அருங்காட்சியகங்களில் சாடி ஓவியங்களும் சுடுமண் முகமூடிகளும் இருக்கின்றன. நடிகர் மேடையில் அணிந்த முகமூடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சோபோக்ளிஸ் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களில் முழுதாக நிற்பவை 7. இசையோ துணுக்குகளாக மட்டுமே எஞ்சியது. நமக்கு இசை இருக்கிறது. 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், பாடகர்கள் பல இரவுகள் பாடியதை நாடாவில் பதிவு செய்தார். 1992இல் அது தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அச்சேறியது. ராத்திரி ஷிப்டு ஓடும் பனியன் ஊர்களில், விடியவிடியக் கதை கேட்கும் கூட்டம் இனித் திரள்வது அரிது. ஆகவே கொங்கின் அரங்கக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் அமையுமானால், உடுக்கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன் அந்த ஒலிநாடாக்களை யாரும் கேட்கும்படி வைக்க வேண்டும். இன்று பாடுகிறவர்களைக் கூலி கொடுத்து அழைத்து, முழுக் கதையையும் பாடச் சொல்லிப் பதிய வேண்டும்.