ஊடுகதிர்ப் படம்: அன்றும் இன்றும்



“எக்ஸ்ரே எடுத்தால் இரத்தம் சுண்டிவிடுமாமே?” என்று தோட்டத்துத் தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போகும்படி மருத்துவர் பாரம் எழுதிக் கொடுத்த பின்பும், அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நியாயமானது. மற்றொரு பகுதி காலங்கடந்தது. இரண்டையும் பிரித்தறிவதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் இருட்டறையில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மின்சாரம் பாயும் கண்ணாடிக் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். ஒளி வெளியே வர வழியே இல்லை. ஆயினும், சற்றுத் தொலைவில் இருந்த இரசாயனம் பூசிய திரை மினுமினுத்தது. அட்டையை ஊடுருவி வந்தது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாத எண்ணுக்குக் கணக்கில் ‘எக்ஸ்’ என்று பெயரிடுவதுபோல, இதற்கும் எக்ஸ் கதிர் என்றே பெயரிட்டார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எந்த நாட்டு மருத்துவரும் யாருக்கும் பணம் கட்டாமல் இக்கதிரைப் பயன்படுத்த முடிந்தது அதனால்தான்.

எளிதாகக் கிடைத்த பொருளை மக்கள் எளிதாகவே கையாண்டனர். கதிர் கண்ணுக்குத் தெரிவதில்லை, சுடுவதில்லை, வலிப்பதுமில்லை. ஆகவே, குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குச் சிலர் தங்கள் கையையே நாள்தோறும் அதன்முன் நீட்டினார்கள். எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி என்பவருக்குக் கைகளில் புண் தோன்றிப் பின்னர் புற்றாக மாறியது. கைகள் வெட்டி எடுக்கப்பட்டும் பயனின்றி 1904இல் அவர் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படி இறந்த மருத்துவர்கள், பணியாளர்கள் ஆகியோரின் பெயர்களைப் பொறித்து 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். நம் தாய்மார்களின் அச்சம் காற்றிலிருந்து வந்ததன்று என்பதற்கு அந்தத் தூண் சாட்சி. ஆனால் அதில் உள்ளவர்கள் நாள்தோறும் கதிரோடு உழைத்தவர்கள்; ஒருமுறை நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் அல்லர்.

அளவுதான் இங்கே முக்கியம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஓரளவு கதிர்வீச்சு நம்மேல் எப்போதும் பட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைய நெஞ்சுப் படம் ஒன்றில் நாம் பெறுவது, அவ்வியற்கைக் கதிர்வீச்சு சில நாட்களில் தருகின்ற அளவுதான். இதனால் இரத்தம் சுண்டாது. நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் அப்படியன்று. அதன் அளவு இரண்டு மூன்று ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமமாகலாம். தேவையானபோது அதையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், “போன மாதந்தான் வேறோர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள்” என்று மருத்துவரிடம் சொல்வது நம் பொறுப்பு. சொன்னால் பழைய படத்தை வரவழைத்துப் பார்க்க வழியுண்டு.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் மருந்து கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். நெஞ்சுக்குள் இருப்பதைக் காண அவரிடம் காதில் மாட்டும் குழல் ஒன்றுதான். அன்று உயிரைப் பறித்துக்கொண்டிருந்த நோயோ நெஞ்சுக்குள் ஒளிந்திருப்பது: சயரோகம் எனப்படும் காசநோய். இருமல் முற்றி இரத்தம் வரும்போது தெரிந்து என்ன பயன்? அதற்குள் அதே லயத்து வீட்டில் உறங்கும் பிள்ளைகளுக்கும் அது தொற்றியிருக்கும்.

1936இல் பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் டி அப்ரூ ஒரு வழி கண்டார். திரையில் விழும் நெஞ்சின் பிம்பத்தைச் சிறு பிலிம் சுருளில் படம்பிடித்தார். செலவு மிகவும் குறைந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்க முடிந்தது. அடுத்து மருந்தும் வந்தது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952இல் ஐசோநையாசிட் பயனுக்கு வந்தது. அதுவரை படம் நோயைக் காட்டியது, அவ்வளவே. அதன்பிறகுதான் படத்தில் முன்கூட்டியே கண்டால் பிழைக்கலாம் என்ற நிலை பிறந்தது. போர் முடிந்த கையோடு, 1947இல், சிங்கப்பூரில் காசநோய் எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. மலாயாவில் 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று.

ஆயினும், எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் படமெடுப்பதில் ஒரு குறை இருந்தது. படம் நிழலைத்தான் காட்டும். நிழல் எதனால் விழுந்தது என்று சொல்லாது. சளியைப் பரிசோதித்துக் கிருமியைக் கண்டால்தான் நோய் உறுதி. 1974இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கண்மூடித்தனமான கூட்டுப் பரிசோதனையை விட்டுவிடலாம் என்று கூறியது. காலம் மறுபடியும் மாறிற்று. 2021இல் அதே நிறுவனம், கணினியின் துணையோடு படிக்கப்படும் நெஞ்சுப் படத்தைக் காசநோய் தேடுவதற்குப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரை செய்தது. சளிப் பரிசோதனையின் தேவை மட்டும் மாறவில்லை. “எக்ஸ்ரே எடுத்தாயிற்றே, சளி எதற்கு?” என்று கிளினிக்கில் சண்டை போடுகிறவர்கள் இதை நினைவில் கொள்வார்களாக.

நெஞ்சுப் படம் எடுக்குமிடத்தில் நம் பெண்கள் கலங்குவது ஒன்றுக்காக. தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள் என்பதுதான் அது. உலோகம் எதுவாயினும் படத்தில் வெள்ளையாக விழுந்து பின்னால் இருப்பதை மறைக்கும். ராண்ட்ஜன் மனைவியின் மோதிரம் விழவில்லையா? கழற்ற மனமில்லாதவர்கள் அதைப் படமெடுக்கும் பணியாளரிடம் தயங்காமல் சொல்லலாம். நெஞ்சைவிட்டு மேலே நகர்த்திக்கொள்ள இயலுமானால் அவரே வழி சொல்லுவார். தாலியைப்பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம் பின்னலைப்பற்றி நினைப்பதேயில்லை. தோள்மீது விழுந்த தடித்த பின்னல், நுரையீரலின் மேற்பகுதியில் நோயின் நிழலைப்போலவே தோன்றும். காசநோய் பெரும்பாலும் தங்குவதும் அந்த மேற்பகுதியில்தான். ஆகையால், கூந்தலை உயரத் தூக்கி முடிந்துகொண்டு நிற்பது நன்று.

கருவுற்ற பெண்களைப்பற்றிய எச்சரிக்கைக்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டுவர்ட் என்ற மருத்துவப் பெண்மணி, புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் விசாரித்தார். கருவுற்றிருந்தபோது வயிற்றில் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்களுள் அதிகம் என்று கண்டு 1956இலும் 1958இலும் எழுதினார். பலர் உடனே நம்பவில்லை. அதே 1958இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டு, இரும்புத் தகட்டில் விரிசல் தேடும் ஒலிக்கருவியைக்கொண்டு வயிற்றுக்குள் பார்க்கலாம் என்று எழுதினார். இன்று தாய்மார் கிளினிக்கில் வயிற்றில் பசை தடவிப் பார்க்கிறார்களே, அது அந்த ஒலியலைதான். அதில் ஊடுகதிர் இல்லை. எனவே, மாதவிலக்கு ஒருநாள் தள்ளிப்போயிருந்தாலும், படமெடுக்கும் அறைக்குள் நுழையுமுன் சொல்லிவிட வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று வெட்கப்பட்டு மறைப்பது ஆகாது.

ஈய மேலங்கி போர்த்தவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். அலட்சியம் என்று எண்ண வேண்டாம். கருவிகள் திருந்திக் கதிரின் அளவு குறைந்துவிட்டது. மேலங்கி சில வேளை படத்தையே மறைத்து, மறுபடியும் எடுக்கச் செய்துவிடுகிறது. ஆகவே, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அந்த வழக்கத்தை விட்டுவிடச் சொன்னது. நம் நாட்டில் இக்கருவிகள் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

சி.டி. ஸ்கேன் 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அதற்குமுன் மூளைக்குள் இரத்தம் கசிந்தால் வெளியிலிருந்து காண வழியில்லை. இதற்குச் சில வேளை ஊசிவழி அயோடின் மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. எம்.ஆர்.ஐ. கருவியில் கதிர் இல்லை, பெருங்காந்தம் உண்டு. 2001இல் அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அதனுள் இருந்தபோது, அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் உருளையைக் காந்தம் இழுத்துக்கொண்டதால் உயிரிழந்தான். உடலுக்குள் உலோகத் தகடோ இதயக் கருவியோ இருந்தால் மறைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

மலேசியாவில் அண்மை ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 20,000 பேருக்குமேல் காசநோய் காணப்படுகிறது. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் இந்நோயைச் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தாக வேண்டும். வேலை போய்விடுமென்று அஞ்சிப் படமெடுக்காதவர்கள் இன்றும் இருப்பது இதனால்தான். சாதாரணமாக ஆறு மாதம் மருந்துண்டால் நோய் தீரும். ஆனால், ஆறிய புண்ணுக்குத் தழும்பு இருப்பதுபோல நுரையீரலிலும் தழும்பு நிற்கும். பல ஆண்டு கழித்துப் புது வேலைக்காகப் படமெடுத்தாலும் அந்நிழல் தெரியும். சிகிச்சை அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, எந்த ஆண்டு, எந்த மருத்துவமனையில் மருந்துண்டோம் என்று சொல்ல முடிந்தால், மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். இரண்டிலும் நிழல் ஒரே அளவாக இருந்து, சளியிலும் கிருமி இல்லையென்றால், அது பழைய தழும்பு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.