பச்சைச் சூரியனும் ஆடிக்காற்றும்: தூசிக்கு ரகம் பிரித்த கதை

1883 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கி சில நாட்கள், சென்னை ராஜதானியிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாக உதித்து பச்சையாகவே மறைந்தது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்தால், அதே மாதம் 22-ம் தேதி வாக்கில் திரும்பவும் வந்தது.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் மிக்கி ஸ்மித் உடனே ஸ்பெக்ட்ராஸ்கோப்பை எடுத்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை அமைத்த அதே ஆள்தான். அவர் குறித்து வைத்ததில் இரண்டு விஷயம் முக்கியம். ஒளியின் சிவப்புப் பக்கம் பலமாக வெட்டப்பட்டிருந்தது. நீராவிக்குரிய கோடுகள் தடிமனாகத் தெரிந்தன. அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நீராவிப் பக்கம் சாய்ந்தார். செப்டம்பர் மாதத்துச் சென்னையில் நீராவிக்கு என்ன பஞ்சம்!

உண்மையான காரணம் ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறிய கிரகட்டோவா எரிமலை. அதன் புகை நேராக நம்ம பக்கம் வந்துவிடவில்லை. வெகு உயரத்தில் மேற்கு நோக்கி ஓடி, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. ஒரு சுற்றுக்குச் சுமார் 13 நாள். 9-ம் தேதியோடு 13-ஐக் கூட்டிப் பாருங்க, இரண்டாவது பச்சைச் சூரியன் ஏன் வந்தது என்று புரியும்.

விடை அவர் எழுதி வைத்த முதல் வரியிலேயே இருந்தது. சாதாரணப் புகை நீல ஒளியைத்தான் அதிகம் வெட்டும். சிவப்பு அதிகமாக வெட்டப்பட வேண்டுமென்றால், துகள்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரு மைக்ரான் ஒட்டி இருக்கணும். இதைப் படிக்கிற சூத்திரத்தை ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1929-ல்தான் கொடுத்தார். வெவ்வேறு நிற ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் ஒரே ஒரு எண் கிடைக்கும். அந்த எண் 1-க்கு மேலே போனால் பொடித்துகள், அதாவது புகை, வாகனம், தொழிற்சாலை. பூஜ்யத்தை நெருங்கினால் பெருந்துகள், அதாவது மண்தூசி, கடல் உப்பு. பச்சைச் சூரியனுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும்.

நம்ம ஊர்க்கதைக்கு வருவோம். நாங்குநேரியும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 8.5 டிகிரி. நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்தான். அங்கே விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 1980-களிலிருந்து 10 அலைநீளங்களில் சூரிய ஒளியை அளந்து வருகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று துணைக்கண்டத்தின் புகையை இந்தியப் பெருங்கடல் வரை இழுத்துப் போவதைக் காட்டியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான வி. ராமநாதன் அண்ணாமலைப் பல்கலையில் பி.இ. படித்தவர். (நம்ம இனம்!)

ஆனால் திருவனந்தபுரத்துக் கணக்கை அப்படியே மலைக்கு இந்தப் பக்கம் தூக்கிவர முடியாது. ஆனி, ஆடியில் அங்கே மழை, மேகம், சூரியனே தெரியாது. இங்கே மழைமறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும், முப்பந்தல் காற்றாலைகளைக் கேட்டால் சொல்லும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செந்நிறத் தேரிமணல் மேடுகள் இந்தக் காற்று காலங்காலமாகக் குவித்ததுதான்.

அப்படியானால் ஆடியில் நாம் சுவாசிப்பது அரபிக்கடல் உப்பா, செம்மண்ணா? இரண்டுமே பெருந்துகள், ஆங்ஸ்ட்ராம் எண் பிரித்துக் காட்டாது. நம்மாட்கள் வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல் என்று வந்த திசையை வைத்துப் பேர் சொன்னார்கள். இன்று கம்ப்யூட்டரில் காற்றின் பாதையைப் பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பதும் அதே கேள்விதான். இங்கே அதுவும் உதவாது, ரெண்டும் ஒரே திசையிலிருந்து வருகின்றன.

2006-ல் ஏவப்பட்ட காலிப்ஸோ செயற்கைக்கோள் லேசர் அடித்துப் பார்த்தது. ஈரமான உப்புத்துளி உருண்டை, அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் மாறாது. மண்துகள் கோணல்மாணல், மாறிவிடும். அருமையான யோசனை. ஆனால் அதன் ரகம்பிரிக்கும் நிரலின் வரைபடத்தைப் பார்த்தபோது என் தொழில்புத்தி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. ‘கடல் உப்பு’ என்ற ரகம் கீழே கடல் இருந்தால் மட்டும்தான் கிடைக்கும். கீழே நிலம் என்றால் அந்த ‘இஃப்’ வழியே திறக்காது, அதே உப்பு வேறு ஏதாவது நிலத்து ரகத்தில் விழுந்தாக வேண்டும், மாசு உட்பட. உலக அளவில் இது நியாயமான சுருக்குவழி. கடலிலிருந்து கொஞ்சதூரம் உள்ளே, காற்றுக்கு நேர்வழியில் இருக்கிற ஊர்களுக்கு அப்படியில்லை. உப்பு மேகத்துக்கு விதையாகும், வெயிலைத் திருப்பி அனுப்பும். கரிப்புகை வெயிலை உறிஞ்சும், நுரையீரலையும் கெடுக்கும். ரெண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், காற்றைச் சுத்தம் செய்ய எங்கே கைவைப்பது என்பதே மாறிப்போகும்.

காலிப்ஸோ 2023-ல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆடியில் இந்தப் பக்கத்துக் காற்றை உப்பு, மண், புகை என்று பிரிக்கணும்னா, இங்கேயே ஒரு வடிதாளில் காற்றை இழுத்து, ஒட்டியதில் சோடியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பதுதான் இன்னும் நம்பகமான வழி.