யாண்டு 49, யாண்டு 50

திருமலை, திருப்பதி வட்டாரக் கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பை அடியொற்றித் தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றைக் கணினி அட்டவணையாக்கி, காலக் குறிப்பை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘டேட்’ செயற்கூற்றிடம் ஒப்படைக்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன்.

1995இல் பிறந்த அம்மொழி, நாள் கணக்கீட்டை ஜாவாவிடமிருந்து பெற்றது. எந்த எழுத்துத்தொடரை நாளாகக் கொள்வது என்பதற்கு 2009 வரை விதிநூலில் பொது வடிவம் இல்லை. அவ்வாண்டு ஆண்டு-மாதம்-நாள் என்னும் வடிவம் ஒன்று வரையறுக்கப்பட்டது. ஏனையவற்றை இயந்திரம் ஆக்குவோர் தம் விருப்பப்படி கையாளலாம் என்று விதிநூல் ஒதுங்கிக்கொண்டது. குரோம் உலாவியின் வி8 இயந்திரம் கைக்கொள்ளும் வழக்கம் அந்த இடைவெளியில் வளர்ந்தது. பிற உலாவிகள் அதே விடையைத் தர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எண்ணுக்கு முன்வரும் அறியாச் சொல்லை வி8 தள்ளிவிடுகிறது. ஆகவே ‘யாண்டு 12’ என்பதில் எஞ்சுவது 12 மட்டுமே. அமெரிக்க வழக்கப்படி அதை மாதமாகக் கொள்கிறது. விடுபட்ட நாளுக்கும் ஆண்டுக்கும் ஒன்று என்று தானே இட்டு நிரப்புகிறது. ஆண்டு ஒன்றை 2001 ஆக்குகிறது. சோழ மன்னனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு 2001 டிசம்பர் 1 ஆகிவிடுகிறது! 32 முதல் 49 வரையுள்ள எண்களுக்கு 2000ஐயும், 50 முதல் 99 வரை 1900ஐயும் கூட்டுகிறது. 1070இல் அரியணை ஏறி அரைநூற்றாண்டு ஆண்ட முதற்குலோத்துங்கனின் 49ஆம் யாண்டு 2049 என்றும், அடுத்த யாண்டு 1950 என்றும் பதிவாகும். பிழைச்செய்தி எதுவும் வாராது என்பதே அச்சத்துக்குரியது.

மொழியியல் பயின்றவளுக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்வெட்டு வழக்கின்படி ‘யாண்டு 49 ஆவது’ என முழுமையாக எழுதினால் இயந்திரம் மறுத்துவிடும். எண்ணுக்குப் பின்வரும் அறியாச் சொல்லை அது ஏற்பதில்லை. தொகுப்போர் தேவையற்றதென்று வெட்டும் ‘ஆவது’தான் காவல்.

விஜயநகரக் காலத்துச் சக ஆண்டுகளும் தப்பவில்லை. கிருஷ்ணதேவராயரின் முதல் திருமலை வருகை சகம் 1434, ஆங்கிரச ஆண்டு; அதாவது 1513 பிப்ரவரி 10. ‘சகம் 1434’ என்பதை வி8 கிறித்தவ ஆண்டு 1434 என்றே படிக்கிறது. 78ஐக் கூட்டித் திருத்தினாலும் 1512தான் கிடைக்கும்; பிப்ரவரிக்கு 79 வேண்டும். சாமிக்கண்ணுப் பிள்ளை நட்சத்திரம், திதி, கிழமை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே பெரும் பஞ்சாங்க அட்டவணைகளை வகுத்தார்.

பல்லவ அரசி சாமவையின் வெள்ளித் திருமேனிக் கொடையைக் கூறும் கல்வெட்டில் இருப்பது கோப்பாத்திர மகேந்திர பன்மரின் 14ஆம் யாண்டு மட்டும். அறிஞர் சிலர் அதை 966 என்கின்றனர். 614 என்ற கணிப்பும் வழங்குகிறது. 13 முதல் 31 வரையுள்ள எண் தனித்து நின்றால் அது மாதமாகவும் பொருந்தாது, ஆண்டாகவும் கொள்ளப்படாது. எனவே ‘யாண்டு 14’ என்பதற்கு வி8 தரும் விடை: செல்லாத நாள்.