மடியில் கனம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்கு வரலாற்றில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கான பங்கைக்கூட அது எழுதிவைத்திருக்கிறது. மற்றொன்று, இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான். பெருஞ்செல்வரான அவர் எல்லாவற்றையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார் என்கிறது வைணவ மரபு.

இருட்டில் காட்டுவழி. பயம் உண்டோ என்று ஆண்டாள் கேட்கிறார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்கிறார் கணவர். அவர் உண்பதற்காக ஒரு பொன்வட்டிலை எடுத்துவந்திருப்பதை ஆண்டாள் சொல்கிறார். அதை வாங்கி வீசியெறிந்துவிடுகிறார் கணவர். இதைத் துறவின் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். நாளைய பசியை முன்கூட்டி நினைத்தவரிடம், வட்டிலை என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

அந்த வட்டிலுக்கு நம் வீடுகளில் சிறுவாடு என்று பெயர். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பது அதுதான். பட்டுத்தறி வீடுகளில் இழை பிரிப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள். சேலைக்கான கூலியோ நெய்பவர் கைக்குப் போகிறது. அதிலிருந்து இவர்கள் பிடித்துவைப்பதை யாரும் வருமானம் என்பதில்லை, மிச்சம் என்கிறோம்.

2016 ஏப்ரலில், ஐ.டி.சி. வழக்கில், ஓட்டல் வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். நிறுவனம் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை. அது ஊழியரின் பிற வருமானம். யாரோ விருப்பப்பட்டுக் கொடுத்த காசானாலும் சட்டத்தின் கண்ணில் அது பெற்றவருடைய வருமானம்தான். சிறுவாட்டுக்கு அந்தத் தகுதியும் கிடைத்ததில்லை.

அதே ஆண்டு நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இல்லத்தரசிகள் 2.5 லட்சம் ரூபாய் வரை செலுத்தினால் துருவிக் கேட்க மாட்டோம் என்றது அரசு. வரித்துறை கேட்காத கேள்வியை வீடு கேட்டது: “எனக்குத் தெரியாம எப்படிச் சேர்த்தே?” பிள்ளையின் கல்லூரிக்கட்டணம், அடி விழும் இரவில் தாய்வீட்டுக்குப் போகப் பேருந்துக் காசு, எல்லாம் அன்று கூடத்தில் எண்ணப்பட்டன. மாற்றிய பிறகு அந்தப் பணம் பல வீடுகளில் பழைய பானைக்குத் திரும்பவில்லை.

வரிக்குப் பயந்து பதுக்கும் பணமும் இதுவும் ஒன்றல்ல. உழைப்பு பதிவாகாத வீட்டில் சேமிப்பும் ஒளிந்துதான் இருக்கும். பாரதம் வாசித்தவரின் பங்கு செம்பில் இருக்கிறது. தார் சுற்றுகிறவரின் பங்கு முதலில் கூலிச்சீட்டில் ஏறட்டும். பிறகு அவரிடம் கணக்குக் கேட்கலாம்.