தீவுகளினூடே ஓர் இரவு



ஐரோப்பாவின் வடபாகத்தில், ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே பால்டிக் கடல் கிடக்கின்றது. ஸ்டாக்ஹோம் நகரில் மாலையில் கப்பலேறுவோர் மறுநாட் காலையில் பின்லாந்தின் பழைய நகரமாகிய தூர்க்குவில் இறங்குவர். இடைப்பட்ட ஓரிரவில் அவர்கள் ஆயிரக்கணக்கான தீவுகளைக் கடந்து செல்கின்றனர்.

பனியூழிக் காலத்தில் கனத்த பனிப்பாளத்தின் கீழ் அமுங்கிக் கிடந்த பாறைகளே இத்தீவுகள். பனி உருகிப் பாரம் நீங்கியபின் அவை மெல்ல எழலாயின. இன்றும் நூறாண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் எழுந்து வருகின்றன.

நள்ளிரவு கடந்தபின் கப்பல் ஓலந்துத் தீவுகளில் ஒரு துறையை அடைந்து, சிறிது நேரமே நின்று புறப்பட்டுவிடும். ஏறி இறங்குவோர் சிலரே. பின் எதற்காக நிற்கின்றது? விடை வரலாற்றில் இருக்கின்றது.

ஓலந்து மக்கள் ஸ்வீடிஷ் மொழி பேசுவோர். 1638-இல் ஸ்டாக்ஹோமுக்கும் தூர்க்குவுக்கும் இடையே அஞ்சல் வழி அமைந்தபோது, கடல் கடந்து தபாலைச் சேர்க்கும் கடமை இத்தீவின் உழவர்மீது விழுந்தது. குளிர்காலத்தில் உறைந்த கடலின்மேல் படகை இழுத்துச் சென்று உயிர்நீத்தோர் பலர்.

1809-இல் பின்லாந்தோடு இத்தீவுகளும் ஸ்வீடனிடமிருந்து ரஷ்யப் பேரரசுக்குக் கைமாறின. ரஷ்யர் போமார்சுண்டில் கோட்டை கட்டத் தொடங்கினர். அது முற்றுப்பெறுமுன்பே, கிரிமியப் போரின்போது, 1854-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதனைத் தகர்த்தனர். 1856-இல் பாரிஸ் உடன்படிக்கையின்போது, இத்தீவுகளில் அரண் அமைப்பதில்லை என்று ரஷ்யா ஒப்புக்கொண்டது.

1917-இல் பின்லாந்து விடுதலை பெற்றது. தீவினரோ ஸ்வீடனுடன் சேர விரும்பினர். பெரும்பாலோர் கையொப்பமிட்டு ஸ்வீடன் மன்னருக்கு விண்ணப்பம் அனுப்பினர். பின்லாந்து இசையவில்லை. 1920-இல் தீவினரின் தலைவர்களாகிய யூலியஸ் சுண்ட்புளூம், கார்ல் பியோர்க்மன் ஆகிய இருவரும் இராஜத்துரோகக் குற்றச்சாட்டின்பேரில் கைது செய்யப்பட்டனர். இரு நாடுகளும் பகைமையின் விளிம்பில் நின்றன.

வழக்கு சர்வதேச சங்கத்தின் முன் சென்றது. 1921-இல் தீர்ப்பு வந்தது: தீவுகள் பின்லாந்துக்கே உரியவை, ஆயினும் தீவினரின் ஸ்வீடிஷ் மொழியும் பண்பாடும் தன்னாட்சியும் காக்கப்படல் வேண்டும். அவ்வாண்டே மற்றோர் உடன்படிக்கையால் அங்கே படைகள் இருத்தலும் விலக்கப்பட்டது. தீர்ப்பு தீவினருக்கு ஏமாற்றமே. எனினும் அதனை ஏற்று, 1922-இல் தங்கள் மன்றத்தைக் கூட்டினர். கைதியாயிருந்த சுண்ட்புளூம் அதன் தலைவரானார். பியோர்க்மன் தீவு அரசின் முதல்வரானார்!

இன்று அங்கே வாழ்வோர் முப்பதாயிரத்துக்குச் சற்று அதிகம். பள்ளிகளில் பயிற்றுமொழி ஸ்வீடிஷ். பிறர் அங்கே நிலம் வாங்கக் கட்டுப்பாடு உண்டு. தீவில் வளர்ந்த இளைஞருக்குக் கட்டாயப் படைச்சேவை இல்லை.

1995-இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபோதும் ஓலந்தின் தனியுரிமை மதிக்கப்பட்டது; ஒன்றியத்தின் விற்பனை வரி எல்லைக்கு வெளியே தீவுகள் வைக்கப்பட்டன. ஆகவே, அத்துறையைத் தொட்டுச் செல்லும் கப்பலில் வரியின்றிப் பொருள் விற்கலாம். நள்ளிரவு நிறுத்தத்தின் காரணம் இதுவே.

உறங்கும் பயணிகளிற் பலர் இதனை அறியார். மலிந்த விலைக்குப் பொருள் வாங்கி மகிழ்வர். ஆனால் அந்தச் சலுகைக்கு அடியில் இருப்பது, ஒரு சிறு மக்கட் கூட்டத்திற்குக் கொடுத்த வாக்கைப் பெரிய நாடுகள் நூறாண்டுக்கு மேல் காத்துவரும் செய்தியாகும். முழு வெற்றி எவருக்கும் கிட்டாத தீர்ப்பும், வாக்குத் தவறாதவரிடத்தில், நிலைத்த அமைதியைத் தரும். நீங்கள் வரலாறு படிக்கும்போது, நிகழ்ந்த போர்களோடு நிகழாமல் தடுக்கப்பட்ட போர்களையும் தேடிப் படியுங்கள்.