சைக்கிள் அடையாளமிடல் (வன்னி)

சைக்கிள் அடையாளமிடல் என்பது, களவு போன துவிச்சக்கர வண்டி மீட்கப்படும்போது அது யாருடையது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவும் பொருட்டு, அதன் பிறேமில் இலக்கமோ பெயரோ பொறித்து, அந்த விவரத்தை வண்டிக்குப் புறம்பாகவும் எழுதிவைக்கும் நடைமுறையாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில், உட்கிராமங்களிலிருந்து பள்ளிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் செல்வோர் பலர் சைக்கிளையே நம்பியிருப்பதால், ஒரு வண்டியின் இழப்பு குடும்பத்தின் உழைப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒருங்கே தாக்குகிறது.

அடையாள வகைகள்

இவற்றுள் முதன்மையானது, சீற் குழாயிலோ பெடல் அச்சு பொருந்தும் கூட்டின் அடியிலோ தொழிற்சாலையிலேயே குத்திப் பதிக்கப்படும் பிறேம் இலக்கமாகும். போருக்குப் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கும் மாணவருக்கும் ஒரே வகைச் சைக்கிள்கள் தொகையாக வழங்கப்பட்ட இடங்களில், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இவ்விலக்கமே உறுதியான வழியாகிறது. திருடியவர் நிறத்தை மாற்றலாம், சீற்றையும் கரியரையும் கழற்றி வேறு பூட்டலாம். இலக்கத்தை அராவி அழித்தாலும், குத்தும்போது அழுந்திய உலோகம் அடியில் மாறுபட்டே இருப்பதால், அமிலக் கரைசலைப் பூசி அதனை மீண்டும் தெரியச் செய்வது தடயவியலில் வழக்கமாகும்.

இரண்டாவது வகை, ஆண்டு வரி செலுத்தியதற்கு அடையாளமாக உள்ளூராட்சி சபைகள் வழங்கிவந்த இலக்கத் தகடாகும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வாகன, விலங்கு வரிக்கு இடமளிக்கிறது. இதன்படி பல சபைகள் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல்களில் சொந்தப் பாவனைச் சைக்கிளுக்கு 4 ரூபாயும் வியாபாரச் சைக்கிளுக்கு 18 ரூபாயும் குறிக்கப்பட்டுள்ளன. தகட்டைக் கழற்றிவிட முடியுமாயினும், சபைப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர் நிலைத்திருக்கும். செயின் கவரில் பெயர் எழுதுவதும், ஹாண்டில் குழாய்க்குள் முகவரித் துண்டை மறைத்துவைப்பதும் உரிமையாளர் தாமே செய்துகொள்ளக்கூடிய அடையாளங்களாகும்.

மீட்பு நடைமுறை

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவுப்படி, களவுப்பொருளென ஐயுற்றுப் பொலிஸார் கைப்பற்றும் வண்டி நீதவானுக்கு அறிக்கையிடப்படுகிறது. உரியவர் தெரிந்தால் அவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். தெரியாவிடில், நீதவானின் பொது அறிவித்தல் வெளியான நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் உரிமை கோருபவர் அதை நிறுவவேண்டும். முறைப்பாட்டில் "கறுப்புச் சைக்கிள்" என்று மட்டும் எழுதியவருக்கு இது கடினம். பிறேம் இலக்கமும் வாங்கிய பற்றுச்சீட்டும் கையிலுள்ளவருக்கு எளிது.

பதிவின் இன்றியமையாமை

2009 மே மாதம் உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களில் முல்லைத்தீவின் முள்ளிவாய்க்காலில் மக்கள் கைவிட்ட எண்ணற்ற சைக்கிள்களோடு அவற்றுக்குரிய பற்றுச்சீட்டுகள் பலவும் அழிந்தமையால், இலக்கம் இரும்பில் எஞ்சியிருந்தும் உரிமையை நிறுவ இயலாத நிலை உண்டாயிற்று. இதற்கு மாறாக, யப்பானில் 1994 முதல் சைக்கிள் உரிமையாளர் பதிவு சட்டப்படி கட்டாயமாக உள்ளதால், கண்டெடுத்த வண்டியின் ஒட்டியிலுள்ள எண்ணைக் கொண்டு பொலிஸார் உரியவரைத் தேடியறிகின்றனர். பொறித்த இலக்கத்துக்குப் பயன் தருவது வேறிடத்தில் பாதுகாக்கப்படும் பதிவேடே என்பதால், பள்ளிகளும் பிரதேச சபைகளும் அத்தகைய பதிவேடுகளைப் பேணுவது வன்னியின் ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு செலவில் கிட்டும் பெரும் பாதுகாப்பாக அமையும்.