பிரகாசம், 1952

இல்லாத முதலமைச்சர்களுக்குப் பட்டியல் போடுவது என் பழைய விளையாட்டு. விதி ஒன்றுதான்: ஒரு பெயரை மட்டும் நாம் மாற்றலாம், மிச்சமெல்லாம் அதன் விளைவாகத் தானா மாறணும்.

நான் கைவைக்கும் இடம் 1952. சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. த. பிரகாசம் தலைமையிலான எதிர்க்கட்சி முன்னணி, 166 பேர் ஆதரவு இருப்பதாகச் சொல்லி ஆட்சி கோரியது. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து அழைத்தார்.

அந்த இடத்தில் பிரகாசம்னு எழுதுறேன். ஆந்திரா பிரிந்ததும் அவர் அங்கே போயிடுவார். நிஜத்திலும் அதன் முதல் முதலமைச்சர் அவர்தான். சென்னைக்கு யார்? இங்கேதான் பேனா நிக்குது. ராஜாஜி வரலைன்னா அரைநாள் பள்ளித் திட்டம் இல்லை. ‘குலக்கல்வி’ எதிர்ப்பு இல்லை. அவர் விலகி 1954 ஏப்ரலில் காமராஜர் வந்ததும் இல்லை. மதிய உணவு யார் கையால், எப்போது வந்திருக்கும்? எங்க நாகமலை புதுக்கோட்டை பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு 1978இல் வைத்த பெயர்கூட வேறாகியிருக்கும்.

அதுக்காக ஆளுநர் செய்தது சரியாகிடுமா? ஆகாது. காமராஜரைத் தரணும்னு அவர் அப்படிச் செய்யலையே. விளைவைக் காட்டிக் குறுக்குவழியை மன்னிச்சா, அடுத்த ஆளுநருக்கும் அதே சாக்கு கிடைக்கும். அதனால் பிரகாசத்தை அழிக்காம விட்டிருக்கேன். அடுத்த வரியில் ஒரு கேள்விக்குறி. அதை எழுதத்தான் கை நடுங்குது.